யார் சொன்னது? எங்கே பார்த்தாய்?

(மதுரை தல்லாகுளத்தில் படிப்பகத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

தல்லாகுளத்திலே நின்று பேசுவதென்றால் எனக்கு எப்போதுமே தனி மகிழ்ச்சி. அதோ தமுக்கம், இதோ அமெரிக்கன் கல்லூரி. சித்திரைத் திங்களில் மலையிலிருந்து இறங்கிவரும் அழகர், ஆற்றுக்குப் போகுமுன் வந்து தங்கி மாலை சூடுவதும் இங்கேதான். கூட்டம் என்றால் என்னவென்று இந்தப் பகுதிக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் இன்று நான் பேச விரும்புவது, அத்துணைப் பெரிய கூட்டத்தின் நடுவிலும் தலையைக் கவிழ்த்துத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறானே ஒருவன், அவனைப் பற்றி. இந்த உரையை ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே படிக்கப்போகும் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். ஏட்டை மடியில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கும் தோழர்களுக்குச் சற்று அழுத்தியே சொல்லுகிறேன்!

பழைய தேநீர்க் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பெஞ்சு, ஒரே ஒரு நாளேடு, பத்துப் பேர். 1942-ஆம் ஆண்டு இதே மதுரையிலேதான் 'தந்தி' பிறந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரியவேண்டும் என்று எழுதப்பட்ட ஏடு அது. அந்த ஏட்டை ஒருவர் உரக்கப் படிப்பார். படித்தவர் மூச்சுவிடுமுன்னே மூலையிலிருந்து ஒரு குரல் எழும்: "நில்லுப்பா! யார் சொன்னது?" இன்னொருவர் கேட்பார்: "தேதி என்ன போட்டிருக்கு?" மூன்றாமவர், "நேத்து வேற மாதிரில்ல போட்டிருந்தான்!" என்பார். படித்தவர் திணறுவார், மீண்டும் படிப்பார், சில வேளை, "எனக்கும் விளங்கலப்பா" என்று ஒப்புக்கொள்வார். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும் அந்நாளில் நடந்தது செய்தி படிப்பு மட்டுமா? குறுக்கு விசாரணையும் நடந்தது! தமிழகத்திலே அரசியல் இயக்கங்கள் வளர்ந்த வகுப்பறை அந்த பெஞ்சுதான்.

உடனே, "பழங்காலமே பொற்காலம்" என்று பாட வந்துவிட்டான் என எண்ணிவிடாதீர்கள். அந்த பெஞ்சிலே எல்லோரும் உட்கார முடிந்ததா? எத்தனை ஊர்களில் இரட்டைக் குவளை! எத்தனை ஊர்களில் ஒரு சாராருக்கு பெஞ்சு, மறு சாராருக்குத் தரை! பெண்கள் அந்தப் பக்கமே தலைகாட்ட முடிந்ததா? அந்த பெஞ்சுக்கு வரமுடியாதவர்கள் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் குக்கிராமத்துப் பெண்ணொருத்தி, எவர் அனுமதியும் கேளாமல், உலகத்தையே படிக்கிறாள். இதை இழிவாகப் பேசுபவன் எவனோ, அவன் பழைய பெஞ்சிலே வசதியாக உட்கார்ந்திருந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

2017-ஆம் ஆண்டு சனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறுதழுவல் உரிமைக்காக இந்தத் தமுக்கத்திலே இளைஞர்கள் திரண்டார்களே, அவர்களுக்கு எந்தத் தலைவர் ஓலை அனுப்பினார்? எந்தச் சுவரொட்டி அழைத்தது? வைகைப் பாலத்தின்மீது நாள்கணக்கில் ரயில் அசையாமல் நின்றதே! கைப்பேசி வழியே கூடினார்கள். சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் எங்கே தேவை என்பதைக் கைப்பேசி வழியே சொல்லிக்கொண்டார்கள். சனவரி 21-ஆம் நாள் அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் நாள் சட்டமன்றத்திலே சட்டமே நிறைவேறியது. அந்தக் கருவியின் ஆற்றலை நம் கண்ணாலேயே கண்டோம்.

அடுத்த ஆண்டிலே என்ன நடந்தது?

2018-ஆம் ஆண்டு மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூருக்கு அருகே அத்திமூர். சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார். வழியிலே குழந்தைகளைக் காண்கிறார், சாக்லெட் கொடுக்கிறார். நம் வீட்டுப் பாட்டிமார் அனைவரும் செய்வதுதானே அது? "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்!" என்று எழுந்தது ஒரு குரல். ஊர் திரண்டது. அடித்தே கொன்றார்கள், தோழர்களே, அந்த மூதாட்டியை! உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் இதே ஐயத்தின்பேரில் ஓர் உயிர் போயிற்று.

அடித்தவர்கள் கொடியவர்களா? நம்மைப் போன்றவர்கள்தான், பிள்ளை பெற்றவர்கள். பல நாட்களாக அவர்கள் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வழியே குரற்செய்திகளும் படங்களும் வந்தவண்ணம் இருந்தன. அந்நாட்களில் தென்னாட்டிலே சுற்றிய காணொளி ஒன்றின் கதையைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சி நகரத்திலே, குழந்தைகளின் பாதுகாப்புக்கென எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! இறுதியிலே அவர்களே சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை எவனோ ஒருவன் வெட்டி எறிந்தான். சில நொடிகளை வெட்டினான்; அவ்வளவுதான். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், மனிதர்களைக் கொல்லும் கருவியாயிற்று.

பிறகே, 2018 சூலையில், இந்தியாவிலே ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்று அந்நிறுவனம் வரம்பு கட்டிற்று. 2020 ஏப்ரலில், பல கை மாறிவந்த செய்தியை ஒருவேளைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கிற்று. நல்லதுதான். ஆனால் குழாயின் வாயைச் சுருக்கினார்களே தவிர, வருகிற தண்ணீர் எப்படிப்பட்டதென்று பார்க்க வேண்டிய வேலை நம் தலையிலேயே நிற்கிறது.

2023 மார்ச்சு மாதம் நினைவிருக்கிறதா? "தமிழகத்திலே பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள்" என்று வடக்கே காணொளிகள் பறந்தன. காவல்துறை ஆராய்ந்து சொன்னது: ஒன்று, திருப்பூரிலே வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட காட்சி, மற்றொன்று, கோவையிலே உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்ட காட்சி. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்தது. அஞ்சிய தொழிலாளர்கள் ரயில் நிலையங்களிலே குவிந்தார்கள். அவ்வழக்கிலே பீகாரின் யூடியூபர் ஒருவர் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்டது நம் மதுரை மத்தியச் சிறையிலேதான். அவரைப் பற்றி நீதிமன்றங்கள் பேசட்டும். நான் எண்ணுவது, தன் ஊரிலிருந்து தாய் அழுதுகொண்டே பேசக் கேட்டு, இரண்டு மாதக் கூலியைக்கூட வாங்காமல் ரயிலேறியிருக்கக்கூடிய தொழிலாளியைப் பற்றி. நாம் அடிக்கவில்லை. ஆனால் அடிபட்டதாகவே அந்தத் தாய் நம்பினாளே!

"எல்லாம் இந்தக் கருவி வந்ததால் வந்த கேடு" என்பார்கள் சிலர். அப்படியா? 1995 செப்டம்பர் 21-ஆம் நாள் எவர் கையிலே இந்தக் கருவி இருந்தது? பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி ஒரே பகலிலே நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் போயிற்றே! பாலின் பரப்பு இழுவிசையும், கல்லின்மீது மெல்லிய படலமாக அது வழிந்தோடுவதுமே காரணம் என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் நடந்து வந்தது. வதந்தி பறந்து போயிற்று. இன்றைக்கும் அதே கதைதான். அமெரிக்காவிலே மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரிலே ஏறக்குறைய 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் 'சயன்சு' இதழிலே முடிவை வெளியிட்டார்கள். உண்மையைக் காட்டிலும் பொய் மறுமுறை பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி! இதற்கு இயந்திரக் கணக்குகளைக் குறை சொல்லலாமா என்றும் பார்த்தார்கள். அவை உண்மையையும் பொய்யையும் ஏறத்தாழ ஒரே வேகத்திலேயே பரப்பின. பொய்யை முந்தவிட்டவன் மனிதன். ஏன்? அது புதியதாக இருந்தது, வியப்பூட்டியது, அருவருப்பூட்டியது.

ஊரைச் சொன்னேன், உலகைச் சொன்னேன், என்னைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2020 மார்ச்சு 25. கொரோனாவால் தமிழகத்திலே முதல் உயிர் போனது நம் மதுரை அரசு மருத்துவமனையிலே. ஊரே அடைபட்டுக் கிடந்தது. அச்சம் கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது. ஏப்ரலில் ஓர் இரவு, எனக்கொரு குரற்செய்தி வந்தது: நம் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவுக்குக் காய்ச்சலாம், அவரிடம் எவரும் வாங்க வேண்டாமாம். அனுப்பியவர் எனக்கு வேண்டியவர். பேசிய குரல் யாருடையதென்று தெரியாது. மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு அனுப்பினேன், அதுதான் கொடுமை! அன்றிரவு நிம்மதியாகவே உறங்கினேன்.

அந்த அம்மா பதினொரு நாள் கீரைக் கூடையோடு வந்து, கூடையோடே திரும்பினார். வீடுகள் கதவைத் திறக்கவில்லை. வாடிய கீரையை மாட்டுக்குப் போட்டாராம். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்தியறிந்து நான் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "படிச்ச ஆளு நீங்க. ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்லண்ணே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்கும் அவர் கூடையை இறக்கும் தெருமுனைக்கும் நாற்பது அடி இருக்கும், தோழர்களே!

நாற்பது அடி நடக்க மறந்தேன். நாற்பது கல் தொலைவுக்குச் செய்தி அனுப்பினேன். பெஞ்சிலே இருந்திருந்தால், "யார் சொன்னது?" என்று ஒருவராவது கேட்டிருப்பார். என் அறையிலே, இரவிலே, கேட்க எவர் இருந்தார்?

நம்மைத் தனித்து உட்கார வைப்பதிலே சிலருக்குப் பெரும் வருவாய் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். பொத்தானைக் கொத்தும்தோறும் தானியம் விழுந்தால், புறா பசிக்குக் கொத்தும். பசி தீர்ந்ததும் விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி, சில வேளை விழுந்து சில வேளை விழாமல் இருந்தால்? விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்! லாட்டரிச் சீட்டு இந்த உத்தியிலே ஓடியது. 2003-இல் தமிழகத்திலே அதைத் தடை செய்தோம். திரையை விரலால் தள்ளித் தள்ளி, "அடுத்து என்ன? அடுத்து என்ன?" என்று பார்க்கிறோமே, அதுவும் அந்தப் பொத்தானின் உறவுதான். பார்க்கும் நேரம் விளம்பரக்காரனுக்கு விற்கப்படுகிறது. கைப்பேசிக்குள் வந்த ரம்மியோ உறவு மட்டுமன்று, அதே பொத்தான்! எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை, தாலிச் சங்கிலியை, உயிரையே அது கொண்டுபோயிற்று! அதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் ஒரே சட்டத்தை இருமுறை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில்தான் ஆளுநரின் ஒப்புதல் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் சட்டத்தாலேயே எல்லாம் முடியுமா? 2019 ஏப்ரல் 3-ஆம் நாள் நம் ஊரிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை டிக்டாக்கைத் தடைசெய்யச் சொன்னது. அதே மாதம் 24-ஆம் நாள் தடை நீங்கியது. 2020 சூன் 29-ஆம் நாள் வேறு காரணத்துக்காக ஒன்றிய அரசு அதை நிறுத்தியது. செயலி போயிற்று, விரல் ஓய்ந்ததா? வேறொரு செயலியிலே அன்றைக்கே தள்ளத் தொடங்கியது.

இனி, கசப்பான ஒன்று. வீட்டுக்குள்ளே பேசவேண்டியதுதான், ஆனால் நம் ஏட்டில் அச்சேறினாலும் எனக்கு வருத்தமில்லை. எதிரணியினரைப் பற்றிய பொய் வந்தால் நம் தோழர்களிலே எத்தனை பேர் நிறுத்திப் பார்க்கிறார்கள்? "அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தானே!" என்று நமக்கு நாமே நற்சான்று எழுதிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். மாற்றான் பரப்பினால் வதந்தி. நாம் பரப்பினால் பரப்புரையா? வெட்டி ஒட்டிய படத்தை அனுப்பிய இளந்தோழர் ஒருவரை அண்மையில் கண்டித்தேன். "அவுக நமக்கு இதைத்தானே செய்யுறாக?" என்றார். அவர் கேட்டதிலே சூடு இருந்தது, நியாயம் இல்லை. நமக்குப் பணபலம் இல்லாத நாளிலும் மக்கள் நம் மேடையைத் தேடி வந்தார்களே, எதை நம்பி? பேசுகிறவன் பெயர் சுவரொட்டியிலே இருக்கும். மேடையிலே அவன் முகம் தெரியும். தவறாகச் சொன்னால் மறுநாள் தேநீர்க் கடையிலே பிடித்துக் கேட்கலாம். பெயரற்ற குரற்செய்தியை எங்கே போய்ப் பிடிப்பது?

ஆகவே பகுதித் தோழர்களிடம் ஓர் ஏற்பாட்டைச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வரும் ஞாயிறு முதல், மாலை ஐந்து மணிக்கு, இந்தப் படிப்பகத்திலே கூடுவோம். கைப்பேசியை வீட்டிலே வைத்துவிட்டு வரச்சொல்லவில்லை, கொண்டுவாருங்கள். அந்த வாரத்திலே உங்களுக்கு வந்த செய்திகளிலே உங்களை மிகவும் கொதிக்கவைத்தது எதுவோ, அதை எழுந்து நின்று உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் கேட்கட்டும்: யார் சொன்னது? எங்கே பார்த்தாய்? தேதி என்ன? முழுப் படமா, வெட்டிய படமா? நம் கட்சிக்குச் சாதகமான செய்தியை முதலிலே எடுத்துக்கொள்வோம். பெண்கள் வரவேண்டும், பெஞ்சிலே முன்வரிசை அவர்களுக்கு. கீரைக்கார அம்மாவையும் அழைத்திருக்கிறேன். வியாபாரம் முடிந்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.