நன்றி என்றால் அறிதல்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடும்பத்துக்கு நன்றி" என்ற தலைப்பில் பத்து நிமிடம் கதைக்க வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டார்கள். வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார். "வீட்டுக்குள்ள ஆருக்கு ஆர் நன்றி சொல்லுறது? அது கூட்டம் முடியேக்க மேடையில சொல்லுற நன்றியுரை எல்லோ" என்றார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எங்கட ஊரில் அம்மா சோறு போட்டால் நாங்கள் நன்றி சொல்வதில்லை. சொன்னால் "ஏன் பிள்ளை, நான் என்ன பிறத்தியாளோ?" என்று கேட்பா. இன்னும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டால் அதுதான் நன்றி. இங்கே ஜேர்மனியில் வளர்ந்த எங்கட பிள்ளைகளோ தண்ணீர்க் கோப்பையை நீட்டினாலும் "டாங்க" என்கிறார்கள். எங்களுக்கு அது அந்நியமாய்ப் படுகிறது. எங்கட மௌனம் அவர்களுக்கு அந்நியமாய்ப் படுகிறது.

இதில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திருக்குறளின் 11 ஆவது அதிகாரத்தின் பெயர் "செய்ந்நன்றி அறிதல்". அங்கே நன்றி என்பது வாயால் சொல்லும் சொல் அல்ல. ஒருவர் செய்த நன்மை. அந்த நன்மையை அறிந்து வைத்திருப்பதுதான் எங்கள் கடமை. அந்த அதிகாரம் இருக்கிற இடமும் இல்லறவியல். விருந்தோம்பலுக்கும் இனியவை கூறலுக்கும் அடுத்ததாய் வருகிறது. டொச் மொழியிலும் நன்றி சொல்வதற்கான "டாங்கன்" என்ற சொல்லும் நினைப்பதற்கான "டெங்கன்" என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். ஆக, இரண்டு மொழியிலும் சொல்லுவதற்கு முதல் அறியவும் நினைக்கவும் வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் கேள்வி இதுதான். எங்கட குடும்பத்தில் ஆர் ஆருக்கு என்ன செய்தார்கள் என்று எங்களுக்கு எவ்வளவு தெரியும்?

என் கணவர் 1985 இல் வந்தவர். கிழக்கு பேர்லினுக்குப் பக்கத்தில் இருந்த சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்கு வந்தார். எங்கட ஆக்கள் பலர் அந்த வழியால்தான் வந்தார்கள். 1986 இல் அது அடைபட்டது. அவர் வருவதற்காக அவருடைய தமையன் காணியை ஈடு வைத்தார். மாமி தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தா. வந்த பிறகு முகாம் வாழ்க்கை. வேலை செய்யத் தடை. ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டிப் போவதென்றாலும் கடிதம் வேண்டும். பிறகு ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. அந்தக் காசில் காணி மீண்டது, தங்கச்சி ஒருத்தியின் கலியாணம் நடந்தது. எங்கட பிள்ளைகளுக்குத் தெரிந்தது "அப்பா குசினியில வேலை செய்தவர்" என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்கள் எதை நினைப்பது?

இனி, ஊரில் நின்றவர்கள். நாங்கள் காசு அனுப்பினோம். ஊரில் எங்களுக்குப் பெயர் வந்தது. என் சின்ன மச்சாள் மாமியோடு நின்றா. அவவுக்கு வந்தது களைப்பு மட்டும்தான். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, நடக்க ஏலாத மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தச் சனநெரிசலுக்குள்ளால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனவ. எங்களுக்கு அது கொழும்பால் சுற்றி வந்த கடிதத்தில், கன நாட்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தக் கடிதத்திலும் "நாங்கள் சுகம், நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்றுதான் எழுதியிருந்தா. ஏ9 பாதை திறந்தபின் 2003 இல் ஊருக்குப் போனோம். மாமியின் முதுகில் ஒரு படுக்கைப் புண் இல்லை. எட்டு வருடம் படுக்கையில் இருந்த மனுசி! அதைப் பார்த்துத்தான் மச்சாள் எத்தனை இரவு எழும்பியிருப்பா என்று விளங்கியது. அனுப்பிய காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. முழித்திருந்த இரவுகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

மூன்றாவது, இங்கே எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். 2004 இல் என் கணவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. எனக்கு அப்போது டொச் அவ்வளவு வராது. 11 வயது மகளைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். இங்கே இருக்கிற கனபேர் வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கும். டொக்ரர் நீளமாய்க் கதைத்தார். மகள் கேட்டுவிட்டு, "அப்பான்ர இதயத்துக்குப் போற ஒரு குழாய் ஒடுங்கிப் போச்சாம், வலை வைச்சாச் சரியாம்" என்று சொன்னாள். நாங்கள் ஆறுதலோடு வீட்டுக்கு வந்தோம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் டொக்ரர் சொன்னதை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமையே ஆஸ்பத்திரியில் இடம் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் போய்க் கணக்குச் சோதனையும் எழுதினாள். இதெல்லாம் அவளுக்கு 28 வயதானபோது, ஒருநாள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தற்செயலாய் வெளியே வந்தது. பிள்ளைகள்தான் பெற்றோருக்கு நன்றி உள்ளவர்களாய் இருக்க வேண்டும் என்று நாங்கள் மேடைக்கு மேடை சொல்கிறோம். எங்கட கடிதங்களை வாசித்ததும், அலுவலகங்களில் எங்களுக்காக வாய் திறந்ததும் அந்தச் சின்னப் பிள்ளைகள்தானே.

அதே வருடம்தான் அவருக்குப் பாரமான வேலை செய்ய ஏலாமல் போனது. நான் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கந்தோர்கள் துப்புரவு செய்யப் போனேன். அவர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டினார். கறிக்கு உப்புக் கூடியதற்காகவும் சண்டை பிடித்தோம், மின்சாரக் கட்டணத்துக்காகவும் சண்டை பிடித்தோம். ஆனால் குளிர்காலத்தில் நான் போகமுதல் அவர் எழும்பி என் சப்பாத்தை ஹீற்றருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருப்பார். கோபத்தில் கதைக்காத நாட்களிலும் சப்பாத்து சூடாய்த்தான் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றி கடன் கணக்கு அல்ல. "உனக்காக நான் எவ்வளவு பாடுபட்டனான், நீ எனக்கு இதைச் செய்யாட்டி..." என்று தொடங்கினால் அது பிள்ளையின் கழுத்தில் போடுகிற கயிறு. படிப்பையும் கலியாணத்தையும் அந்தக் கயிற்றால் இழுக்கக்கூடாது. எங்கட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவர்கள் அறிவதற்காக. வட்டியோடு திருப்பித் தருவதற்காக அல்ல. அதேபோல, அடி வாங்குகிற வீட்டில் இருந்துகொண்டு பொறுத்துப் போ, நன்றியாய் இரு என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல மாட்டேன். அங்கே தேவை உதவி.

சரி, என்ன செய்யலாம்? வருடப் பிறப்பு வருகிறது. மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவோம். இந்த முறை கைவிசேஷம் கொடுக்கும்போது கொடுக்கிறவர் ஒரு வசனமும் சேர்த்துச் சொல்லட்டும். "நீ நல்ல பிள்ளை" என்று பொதுவாய் அல்ல. "அண்டைக்கு நீ எனக்காக அந்தக் கந்தோரில கதைச்சாய், நான் மறக்கேல்லை" என்று, நடந்த ஒன்றைக் குறித்துச் சொல்லட்டும். வாங்குகிற பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "நீங்கள் இங்க வரேக்க ஆர் உதவி செய்தவை?" பிறகு ரெலிபோனை எடுத்து ஊரில் நின்றவர்களுக்கு ஒரு அழைப்பு. ஒரு காலத்தில் ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்காய்க் காத்திருந்தோம். இப்போது முகம் பார்த்தே கதைக்கலாம். காசு கிடைத்ததோ என்று கேட்பதற்கு முதல், "நீ அம்மாவைப் பார்த்த பார்வை எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கோ.

இருபது வயதில் இங்கு வந்தவர்கள் பலர் இப்போது பென்சன் எடுக்கிற வயதில் இருக்கிறார்கள். காணியை ஈடு வைத்த தமையன்மாருக்கும், அம்மாவைத் தூக்கிக் கிடத்திய தங்கச்சிமாருக்கும் வயது போய்விட்டது. இரங்கல் உரைகளில் நாங்கள் நன்றாய்த்தான் நன்றி சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவரின் காதுக்கு அது போய்ச் சேர்வதில்லை. காது கேட்கிற காலத்திலேயே சொல்லுவோம்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள். வணக்கம்.