மெய்க்காவலர் வேண்டாத மனிதர்



திரைப்படத்தில் குற்றக் கூட்டத் தலைவனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். வாழ்க்கையிலோ அவன் பலவேளை தனியாகவே நடமாடுகிறான். ஏன்?

முதற் காரணம், அருகில் நிற்பவனே ஆபத்தானவன் என்பது. 1979 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கார்மைன் கலாந்தே என்னும் மாஃபியாத் தலைவர் பகலுணவு வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலாக உடனிருந்த இருவரும் கீறலின்றி வெளியேறினர். அரசர்க்கு வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். குற்றத்தால் உயர்ந்தவனுக்கு அத்தெளிவு வாய்ப்பதில்லை. தன்னைப் போன்ற ஒருவனைத்தானே அவன் காவலுக்கு வைக்க முடியும்!

இரண்டாவது, காவலர் கூட்டமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சிசிலித் தீவின் பெர்னார்டோ புரோவென்சானோ 1963 முதல் 43 ஆண்டுகள் தலைமறைவாய் வாழ்ந்தார். தட்டச்சு செய்த துண்டுச் சீட்டுகளால் ஆணையிட்டார். 2006 ஏப்ரலில் சொந்த ஊரான கோர்லியோனே அருகே ஒரு பண்ணைக் குடிலில் பிடிபட்டபோது மெய்க்காவலர் எவரும் இல்லை.

மூன்றாவது, அச்சம் என்னும் வேலி. தலைவன்மேல் கைவைத்தால் கூட்டமே பழிதீர்க்கும் என்ற நம்பிக்கை. 1985 டிசம்பரில் பால் காஸ்டெல்லானோ அந்த நம்பிக்கையில் ஓட்டுநர் ஒருவரோடு நியூயார்க் உணவகம் ஒன்றுக்கு வந்தார். தம் கீழிருந்த ஜான் காட்டி ஏவிய ஆட்களால் வாசலிலேயே வீழ்ந்தார். ஓட்டுநரும் மாண்டார்.

அப்படியானால் புரோவென்சானோவை 43 ஆண்டுகள் காத்தது எது? பார்த்தும் பாராதிருந்த ஊரின் மௌனம். அச்சம் மட்டுமன்று, நன்றியும் மௌனத்தை வளர்க்கும். பம்பாய்த் தமிழரிடையே வரதராஜ முதலியாருக்கு வாய்த்த காவல் அத்தகையது. உதவி பெற்றவர் வாய் திறப்பதில்லை. அவர் வாழ்வின் சாயலில் 1987இல் 'நாயகன்' வந்தது, நாமும் கைதட்டினோம்.

தொலைவிலுள்ள கதையென்று இதனை ஒதுக்க வேண்டா. நிலப்பறிப்பு முதலிய வழக்குகளில் தேடப்பட்டு வெளிநாடு சென்ற காஞ்சிபுரம் ஸ்ரீதர், 2017 அக்டோபரில் கம்போடியாவில் இறந்தார். இத்தகையோர் பெயர்களைத் தேநீர்க் கடைகளில் நாம் எவ்வளவு தணிந்த குரலில் சொல்லியிருக்கிறோம்! நானும் அவ்வாறே சொன்னவன். சம்பளம் வாங்காத மெய்க்காவலர் நாம்தாம் என்பதை இவ்வுரையை எழுதும்போதே உணர்ந்தேன்.

கவிஞர்களே, வீரம் என்ற சொல்லை இவர்களுக்கு ஈந்துவிடாதீர்கள். காவலின்றி நடப்பவன் அஞ்சாதவன் அல்லன். அவனுக்காக ஊரே அஞ்சிக்கொண்டிருக்கிறது. நிலம் இழந்தவன் பெயரை உரக்கச் சொல்லும் ஒரு கவிதை போதும், அந்தக் காவல் தளரத் தொடங்கும். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அக்கவிதையோடு தொடங்கட்டும்.