சைகைப் பிறப்பாக்கியைத் தெரிதல்

மடவளையிலோ கண்டி நகரிலோ பழைய வானொலிப் பெட்டிகளைத் திருத்திப் பழகும் மாணவனுக்குச் சைகைப் பிறப்பாக்கியொன்றின்மீது ஆசை எழுவது இயல்பு. அவன் முதலிற் கேட்கவேண்டியது விலையையன்று. எந்த மீடிறன் தேவை என்பதையே.

ஒலிவிரியலாக்கியைச் சோதிக்க 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை போதும். 1939இல் வில்லியம் ஹியூலெட்டின் கருவி ஒரு சிறு மின்குமிழைக் கொண்டே அலைவீச்சை நிலைநிறுத்தியது. அவ்வமைப்பை இன்றும் வீட்டிலே கட்டலாம். வானொலி வாங்கியைச் சீராக்கவோ, பெரும்பாலும் 455 கிலோஹேட்ஸ் இடைமீடிறன் வேண்டும். மத்திய அலைக்கு 1,600 வரை எட்டினாற் போதும்.

இன்று மலிவாய்க் கிடைக்கும் ஏடி 9833 சில்லுப் பலகை இவையனைத்தையும் துல்லியமாகத் தரும். ஆயினும் அது அலையில் ஒலியைத் தானாக ஏற்றுவதில்லை. அதன் வெளியீடும் ஏறத்தாழ 0.6 வோல்ற்று, மலைகளுக்கப்பாலிருந்து வரும் நலிந்த அலையை ஏற்கவமைந்த பெட்டிக்கு இஃது இடிமுழக்கம்! பெட்டியின் தன்னியக்கக் கட்டுப்பாடு அதனை அடக்கிவிட, இசைவு பிழைத்திருந்தும் சரியென்றே தோன்றும். ஆதலின் வெளியீட்டைப் படிப்படியாகக் குறைக்கும் தணிப்பான் இல்லாத கருவியைக் கொள்ளலாகாது. அழகிய முகப்பும் எண்ணற்ற அலைவடிவங்களும் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, உயிர்பற்றியது. நிலைமாற்றியில்லாத பழைய வால்வுப் பெட்டிகளில் உலோகச் சட்டம் 230 வோல்ற்று மின்னோடு நேரே தொடுத்திருக்கக்கூடும். பிறப்பாக்கியின் கம்பியை அதில் மாட்டினால் கருவியே மின்னேறி நிற்கும். தனிப்படுத்தும் நிலைமாற்றியொன்று கைக்கு வரும்வரை அத்தகைய பெட்டியைத் திறவாதிருத்தல் நன்று.