பாக்டீரியாவுக்குக் காற்று உண்டு

(தேனாம்பேட்டை வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் இன்ஜினியரிங் தெரிந்தால்தான் அதில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில் இருக்கின்றன. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒன்றும் இல்லை. அதைத் தனியாகப் பேசலாம். அங்கே கழிவைத் தின்று நீரைத் தெளியவைப்பது பாக்டீரியா. அது மூச்சுவிட வேண்டும் என்பதற்காகத் தொட்டிக்குள் இரவு பகலாகக் காற்று ஊதுகிறார்கள். கோயம்பேட்டில் 2019இல் ஆர்.ஓ. வரை போய்விட்டார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அது. அந்த நீரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகள் காசு கொடுத்து வாங்குகின்றன. யார் வீட்டுக் கழிவு என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. தண்ணீருக்குத் தீட்டு கழிந்துவிடுகிறது.

அங்கே போய்ச் சேர்வதற்குள் குழாய் அடைத்துக்கொண்டால்?

தேனாம்பேட்டை மெட்ரோ நிலையமும் திறந்தது. அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கம் குடைய ராட்சத இயந்திரம் கொண்டுவந்தார்கள். அந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், நான் குடியிருந்த அப்பார்ட்மெண்டில் அடைப்பு எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு கயிறு, ஒரு மூங்கில் கழி. இறங்கக் கூடாது என்று நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சண்டை போட்டோம். “அவங்களுக்கு இது பழக்கம்தான் சார்” என்றார் சங்கச் செயலாளர்.

பழக்கம்தான் கொல்கிறது, தோழர்களே. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் சரிந்து விழுவார். தூக்கப் போனவரும் அவர்மேலேயே விழுவார்.

சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. ஆனால் 2013 சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான் அது ‘ஆபத்தான துப்புரவு’ என்று தடுக்கிறது. இறக்குவதையே தடுக்கவில்லை. சாவுக்கு இழப்பீடு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. 1993 முதலான சாவுகளின் கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோது தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. ‘பெரியார் மண்’ என்று மேடையில் சொல்லும்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

அன்றைக்குக் கடைசியில் ஜெட் ராடிங் வண்டி வந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சில ஆயிரம் ரூபாய்தான் கூடுதல் செலவு.

ஜெயித்துவிட்டோம் என்று நின்றிருந்தேன். வந்தவர்களில் மூத்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “அப்போ எங்க கூலிக்கு இன்னா சார் பண்றது?”

என்னிடம் பதில் இல்லை. தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கே இந்த வண்டிகளைச் சொந்தமாகக் கொடுக்கும் திட்டம் இப்போது வந்திருக்கிறது. வரவேற்கிறேன். உயிர் மிஞ்சும். ஆனால் அந்த ஸ்டியரிங்கையும் ஏன் அதே சாதிதான் பிடிக்க வேண்டும்? அவர் மகன் கோயம்பேடு ஆர்.ஓ. நிலையத்தில் இன்ஜினியராக உட்கார என்ன திட்டம் இருக்கிறது? இதைப் போன வாரம் ஒரு அதிகாரியிடம் கேட்டேன். டீ சொன்னார்.