பெட்டிக்குள் இருக்கும் வேதப்புத்தகம்

(வேதாகம ஞாயிறை முன்னிட்டு, நாவுலயில் தோட்டக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)

வாசலில் நிற்கிற நம்ம சைவ உறவுகளே, உள்ளே வாங்க, வெயில்ல நிக்காதீங்க.

ஐயா என்னை வேதம் வாசிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார். நான் போதகர் இல்லை. சாதாரண தரம் வரை படித்தவன். என் வேலை உங்களுக்குத் தெரியும்: சேமலாப நிதிப் படிவம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளை மடுவம், கக்கூஸ் கட்டுவது, லயத்துச் சண்டை தீர்ப்பது. ஆகவே பிரசங்கம் எதிர்பார்க்க வேண்டாம். லயத்துக்கு லயம் ஏறி இறங்கியதில் கண்டதைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் அடையாள அட்டையைக் கேட்டால் தகரப் பெட்டியைத் திறப்பார்கள். மேலே கல்யாணச் சேலை. அதற்குக் கீழே பத்திரங்கள். அதற்கும் கீழே வேதப்புத்தகம். பூச்சி உருண்டை வாசத்தோடு, ஒரு தாள் கசங்காமல் புதிதாக இருக்கும். வேறு வீடுகளில் அது தொட்டில் பிள்ளையின் தலைமாட்டில் இருக்கும், பிள்ளை பயந்து அழாமலிருக்க. இன்னும் சில வீடுகளில் ஜனவரி முதலாந் தேதி கொடுத்த வாக்குத்தத்த அட்டை மட்டும் சுவரில் தொங்கும், அந்த ஒரு வசனம்தான் வருசம் முழுக்க. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாசிப்புத்தான் இல்லை.

இது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்காதீங்க. இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோசியா ராஜா காலத்தில் தேவாலயத்தைப் பழுது பார்க்கும்போது நியாயப்பிரமாண புத்தகம் அகப்படுகிறது. எங்கே? தேவாலயத்துக்குள்ளேயே! பெரிய ஆசாரியர் இல்க்கியா அதை எடுத்து எழுத்தர் சாப்பானிடம் கொடுக்க, அவர் ராஜாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். கேட்ட ராஜா தன் உடுப்பைக் கிழித்துக்கொள்கிறார். புத்தகம் இருந்த இடத்தில்தான் இருந்தது, திறந்து வாசிக்க ஆள் இருக்கவில்லை. கோயிலுக்குள்ளேயே காணாமற் போனதென்றால் நம்ம தகரப் பெட்டி எம்மாத்திரம்?

இப்ப ஒரு சம்பவம் சொல்கிறேன். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயரும் தோட்டமும் கேட்காதீங்க.

சில வருசங்களுக்கு முந்தி அவர் என் காரியாலயத்துக்கு வந்தார். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு நாலு வயசு. நகையெல்லாம் அடகில். வெளிநாட்டுக்குப் போக ஒரு ஏஜன்ட் வந்து கதைத்துவிட்டுப் போயிருந்தான். கையில் வேதப்புத்தகத்தோடு வந்து, "சேர், கண்ணை மூடிக்கிட்டுத் தொறந்தேன். வெரல் வச்ச எடத்துல ஆண்டவரு பயப்படாம போன்னு சொல்லிட்டாரு" என்றார். ஆதியாகமம் 46. யாக்கோபு எகிப்துக்குப் போகப் பயந்தபோது ஆண்டவர் தைரியம் சொல்லி அனுப்புகிற இடம். நானும் பார்த்தேன். வசனம் அப்படித்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு பாஸ்போட் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அவர் போய்ப் பதினாலு மாதத்தில் திரும்பி வந்தார். நாலு மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். அரபியிலும் இங்கிலீசிலும் இருந்ததாம், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாராம். கடைசிப் பிள்ளை ஒரு மாதம் வரைக்கும் அவரிடம் போகவில்லை, ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றது.

பிறகு ஒரு நாள் வந்து, "சேர், அந்த எடத்தை மறுபடி வாசிங்க" என்றார். இந்த முறை நிறுத்தாமல் வாசித்தேன். அடுத்த வரியிலேயே இருக்கிறது: பார்வோன் அனுப்பிய வண்டிகளில் யாக்கோபையும் மனைவிமாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பேர் பேராக எழுதி, எழுபது பேர் என்று கணக்கும் போட்டிருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தானே சேர் போயிருக்காரு" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி யாத்திராகமம் முதலாம் அதிகாரத்துக்கு வந்தால், யோசேப்பை அறியாத புது ராஜா வருகிறான். போனவர்களின் பிள்ளைகள் அங்கே களிமண்ணிலும் செங்கல்லிலும் அடிமை வேலை செய்கிறார்கள். அதையும் அன்றைக்குத்தான் சேர்த்து வாசித்தோம்.

வெளிநாடு போகக்கூடாது என்று வேதம் சொல்கிறதாக நான் பேசினேன் என்று யாரும் போய்க் கதைக்க வேண்டாம். கடன் இருந்தது. முழுக்க வாசித்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஒரு ஏற்பாடு செய்து, ஒப்பந்தத்தை யாரிடமாவது வாசித்துக் கேட்டு, தன் முடிவாகப் போயிருப்பார். விரல் வைத்துவிட்டு ஆண்டவர் தலையில் பாரத்தைப் போட்டதுதான் பிழை. அதில் பாதிப் பிழை என்னுடையது. எழுத்து வாசனை எனக்கு இருந்தது, அடுத்த வரியை வாசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

பத்திரத்தில் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டுக் கைநாட்டு வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேதத்தை மட்டும் ஏன் அப்படி வாசிக்கிறோம்? அது விரல் வைத்துக் குறி பார்க்கிற புத்தகம் இல்லை. தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டிய புத்தகம்.

அது தமிழில் நம்ம கைக்கு வந்ததும் லேசில் வந்ததில்லை. ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதிப் படித்தார். எழுத்துத் தெரியாது என்று வெட்கப்படுகிற அம்மாமார் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டையும் தொடங்கினார். 1719இல் செத்துப் போனார், வயது 36. அந்த நேரம் அவர் வந்து நின்ற இடம் எது தெரியுமா? ரூத்தின் புத்தகம். அதற்குப் பிறகுள்ளதை சூல்ச்சே ஐயர் செய்து முடித்து 1728க்குள் அச்சில் வந்தது. நம்ம நாட்டிலும் கொழும்பில் பிறந்த தமிழர், பிலிப்பு த மெல்லோ என்ற போதகர், கிரேக்கத்திலிருந்தே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1759இல் கொழும்பிலேயே அச்சிட்டார்கள். இது நம்மில் அநேகருக்குத் தெரியாது.

தோட்டங்களுக்கு எப்படி வந்தது? நீங்க இன்றைக்கு பஸ்ஸில் வந்த ரோட்டை யோசியுங்கள். கோப்பிக் காலத்தில் நம்ம முன்னோர் மன்னார்ப் பக்கம் வந்து இறங்கி, காடு கடந்து, தம்புள்ள, நாவுல, நாலந்த என்று இந்தப் பாதையால்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1854இல் தோட்டத் தமிழர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கக் கேட்டே விசுவாசத்துக்கு வந்தார்கள்.

அந்த ஜனங்களுக்கு ரூத்தின் கதையை விளக்க வேண்டியே இருந்திருக்காது. நாலே நாலு அதிகாரம். சத்தமாக வாசித்தால் அரை மணித்தியாலம் போதும். பெத்லகேமில் பஞ்சம். ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி மோவாப் தேசத்துக்குப் போகிறது. ஆண்கள் மூவரும் அங்கே இறந்துபோக, மாமியார் நகோமியும் அந்நிய தேசத்து மருமகள் ரூத்தும் கையில் ஒன்றும் இல்லாமல் நடந்து பெத்லகேமுக்கு வருகிறார்கள். வாற்கோதுமை அறுவடைக் காலம். ரூத் வயலில் சிந்தின கதிர் பொறுக்கப் போகிறாள். வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் வருகிறார். வந்ததும் முதலில் வேலையாட்களுக்கு ஆண்டவர் பெயரால் வாழ்த்துச் சொல்கிறார், அவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். (நம்ம பெரட்டுக் களத்தில் இப்படி ஒரு நாள் நடந்தால்! இதை நான் சொன்னதாகத் தொரையிடம் சொல்ல வேண்டாம்.) "யார் இந்தப் பொண்ணு?" என்று கங்காணியைக் கேட்கிறார். வேதத்தில் கண்காணி என்றே வருகிறது. காலையிலிருந்து நிற்கிறாள், கொஞ்ச நேரந்தான் குந்தினாள் என்று அவர் சாட்சி சொல்கிறார். அவளைத் தொடக்கூடாது என்று வாலிபருக்குக் கட்டளை போகிறது. தண்ணீர்க் குடத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டு நேரம் கூட உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறார். அவள் சாப்பிட்டு, மிச்சத்தை மாமியாருக்கு முடிந்துகொண்டு போகிறாள்.

இதை ஒரு பின்னேரம் கொழுந்து மடுவத்தில் வாசித்தபோது ஒரு அக்கா கேட்டார்: "அந்தக் காலத்துலயும் தனியா வேலைக்குப் போற பொம்பளைக்கு அந்தப் பயந்தானா சேர்?" அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பெண்கள் பேசினார்கள். எந்த மலையில், யாரால் தொந்தரவு என்று வெளியே வந்தது. நான் நடத்தின எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் வராத விசயம் அது. வாசிப்புத் தானாகக் கொண்டுவந்தது. நடவடிக்கை எடுத்தோம்.

கதிரை மிச்சம் விடுவது போவாஸின் தயவு மாத்திரம் இல்லை. உபாகமம் 24ஐ வாசியுங்கள். வயலில் மறந்துவிட்ட கட்டை அந்நியனுக்கும் தகப்பனில்லாப் பிள்ளைக்கும் விதவைக்கும் விட்டுவிடச் சட்டமே இருக்கிறது. அதே அதிகாரத்தில், ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் அன்றைக்கே கொடுத்துவிடச் சொல்கிறது. கூலிக்காரனைப் பற்றி வேதத்தில் இவ்வளவு இருக்கிறது என்று நம்ம ஆட்களுக்கே தெரியாது. வாக்குத்தத்த அட்டையில் இதெல்லாம் போடமாட்டார்கள்.

எழுத்துத் தெரியாதவங்க என்ன செய்வது? என் அம்மாவுக்கும் தெரியாது. பால் வெட்டிவிட்டு வந்து, சமைத்து, குப்பி லாம்பைப் பக்கத்தில் வைத்து, "படிடா" என்பார். தினமும் ஒரு அதிகாரம். கேட்டுக் கேட்டே பாதி மனப்பாடம். நான் தூக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினால், "டேய், நடுவுல ஒன்னு போச்சே" என்று பிடித்துவிடுவார். என் தமிழ் வாசிப்பு அங்கே வந்ததுதான். நெகேமியா 8ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான்: எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை ஜனங்களுக்கு முன்னால் வாசிக்கிறார், ஆண், பெண் எல்லாரும் நின்று கேட்கிறார்கள், லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள். கேட்டவர்கள் அழுதார்கள்.

இன்னொரு விசயம். "எனக்கு வாசிக்க வராது" என்று சொல்கிற நாற்பது வயசுக்கு மேற்பட்டவங்களில் சிலருக்கு வாசிக்க வரும். கண்தான் தெரியவில்லை, சொல்ல வெட்கம். கண்ணாடி போட்டதும் வாசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது, அதன் சொற்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதும் உண்மைதான். கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். எது சரி என்று சண்டை பிடிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒன்றில் விளங்காதது மற்றதில் விளங்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளை மடுவத்தில் தொடங்குகிறோம். ரூத், முதலாம் அதிகாரம். பெட்டியில் இருக்கிற புத்தகத்தைக் கொண்டு வாங்க. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றும் எழுத்துத் தெரியாத ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரும். நான் சொன்ன அந்தச் சகோதரிதான் முதல் நாள் வாசிக்கிறார். மூக்குக்கண்ணாடி தேவையானவங்க போகும்போது என்னிடம் பெயர் கொடுங்கள், அடுத்த கண் பரிசோதனைக்கு அந்தப் பட்டியலைத்தான் அனுப்பப் போகிறேன்.