மறைத்த கடனுக்கு யார் பொறுப்பு?



மொசாம்பிக் அரச நிறுவனங்கள் மூன்று 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 200 கோடி டொலர் கடன் பெற்றன. நாடாளுமன்ற ஒப்புதலின்றி அரசு பிணை நின்றது. சூரை மீன்பிடிக்கென வாங்கிய படகுகளோ மபூட்டோ துறைமுகத்தில் முடங்கின. இக்கடனில் 100 கோடிக்கு மேற்பட்ட தொகை பன்னாட்டு நாணய நிதியத்திடமே மறைக்கப்பட்டிருந்தது. 2016இல் அது வெளிப்பட்டதும் கொடை நாடுகள் உதவியை நிறுத்தின. நாணய மதிப்புச் சரிந்தது, விலைகள் ஏறின. கையெழுத்திட்டோர் சிலர், சுமந்தோர் ஏழைகள்.

முன்னாள் நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024இல்தான் நியூயோர்க்கில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அதற்குள் பத்தாண்டு கழிந்துவிட்டது!

தண்டனையினும் முன்னறிவிப்பே பயன் தரும். தொகை, வட்டி, பிணை ஆகியவற்றைக் கடன் கொடுப்போரே உடன் வெளியிட வேண்டும். மறைத்த கடனை நீதிமன்றம் வசூலித்துத் தரலாகாது. அவ்வொப்பந்தங்கள் இங்கிலாந்துச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டவை. எனவே இலண்டன்வாழ் தமிழர் இச்சட்டத்தைத் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கோரலாம்.