நகத்து மூலையில் ஒரு மஞ்சள்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கால் நகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றபோது செயலாளர் முகஞ் சுளித்தார். "வேறு விடயம் அகப்படவில்லையா, தம்பி?" என்று கேட்டார். அகப்பட்டது, ஆயினும் எமது கால்தான் எம்மை இங்கே இழுத்து வந்தது.

நாம் பயின்றது விடுதியுள்ள ஒரு பாடசாலை. காலையில் மேசும் சப்பாத்தும் மாட்டினால் மாலையிலேதான் கழற்றுவோம். மன்னாரின் வெக்கையில் மேசைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நகவெட்டி. பதினேழாம் வயதில் வலக்காற் பெருவிரல் நகத்தின் மூலையிலே ஓர் அரிசியளவு மஞ்சள் கண்டோம். பந்தடியிற் பட்ட காயமென்று விட்டுவிட்டோம். வலியில்லாததை யார் நோயென்று மதிப்பார்? இரண்டாண்டுக்குள் நகத்திற் பாதி தடித்துப் பொருக்காகிவிட்டது. திருக்கேதீச்சர வாசலிலே செருப்பைக் கழற்றியதும் பெருவிரலை மணலுக்குள் புதைத்து நிற்கப் பழகினோம். சிரிக்க வேண்டாம், இம்மண்டபத்திலும் இப்பொழுது சில விரல்கள் மெல்ல உள்ளே இழுபடுகின்றன!

இதனை நகச்சொத்தை என்பர். பங்கசு என்னும் நுண்ணுயிர் நகத்தைத் தின்று வளர்வதே காரணம். இதைச் செய்யும் பங்கசுக்களில் முதன்மையானது திரைக்கோபைற்றன் ரூப்ரம். இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1903 முதல் 1915 வரை கொழும்பிலே பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்ரெல்லானி என்பவரே 1910 இல் அதனை வேறொரு பெயரால் விவரித்தார். அவர் கண்டது நகத்திலன்று, தொடையிடுக்குப் படையில். தோலில் இருப்பது நகத்துக்குப் போகும் என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

ஆகவே முதலடையாளம் பெரும்பாலும் நகத்தில் இல்லை. சிறுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் இடையிலே தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரிக்கும். சேற்றுப்புண் என்று நாம் பொருட்படுத்தாமல் விடுவது அதுதான். பேசாலையிலும் வங்காலையிலும் வலையிழுப்போர், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் நிற்போர், நாள் முழுதும் சப்பாத்துக்குள் காலை அடைத்து வைக்கும் எம் போன்றோர், எல்லாருக்கும் ஈரம் ஒன்றே. நீர் வழங்கும் தொழிலைக் கைவிடச் சொல்ல நாம் யார்? வீடு வந்ததும் விரலிடுக்கைத் துவாயால் ஒற்றி உலர்த்தலாமல்லவா?

அங்கிருந்து அது நகத்தின் நுனிக்கோ பக்கத்துக்கோ தாவும். வெண்மையாகவோ வைக்கோல் நிறமாகவோ ஒரு புள்ளி தோன்றும். அது கோடாக அடிநோக்கி நீளும். நகத்தின் பளபளப்பு மங்கும். வெட்டும்போது சீராக வெட்டுப்படாமல் நொறுங்கும். கீழே மாவு போன்ற தூள் சேரும். பின்பு நகம் தசையை விட்டுக் கிளம்பும். பெருவிரலே பெரும்பாலும் முதலிற் பிடிபடும். நம் சகோதரிகள் மருதோன்றியும் நகப்பூச்சும் இட்டு இந்நிறத்தை மறைத்துவிடுவதால் அவர்கள் பிந்தியே அறிகிறார்கள்.

மாறிய நகமெல்லாம் பங்கசு என்றும் எண்ணற்க. அவற்றில் ஏறத்தாழ அரைவாசிதான் அது. வள்ளத்தில் இடிபட்ட கறுப்பு நகத்தோடு வளர்ந்து முன்னே நகரும். ஊசியாற் குத்தியது போன்ற குழிகள் சோரியாசிசு நோயில் வரும். அடிபடாமலே ஒரு கருங்கோடு தோன்றி அகன்றுகொண்டு போனால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுக. அது புற்றாகவும் இருக்கக்கூடும்.

எமது பாட்டனாருக்கும் நகம் அப்படித்தான் இருந்தது. "வயசுக்கு வாறது, தம்பி" என்பார். அவருக்குச் சலரோகம். தடித்த நகம் பக்கத்து விரலை உரசிப் புண்ணாக்கியது அவருக்குத் தெரியவில்லை, காலில் உணர்ச்சி குன்றியிருந்தது. மணம் வந்தபின் வீட்டார் கண்டார்கள். அந்த விரல் போயிற்று. சலரோகமுள்ள பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு நாடோறும் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகத்துணுக்கை வெட்டி நுணுக்குக்காட்டியிலே பார்த்தால் பங்கசு தெரியும். புள்ளியளவில் இருக்கும்போது பூச்சு மருந்தே போதியதாகலாம். அடிவரை சென்றபின் ரேபினபீன் போன்ற மாத்திரையை ஏறத்தாழ மூன்று மாதம் விழுங்க வேண்டும். அது ஈரலைத் தாக்கக்கூடுமாதலால் வைத்தியர் இரத்தத்தைச் சோதித்தே கொடுப்பார். கடையிலே கேட்டு வாங்குவதன்று. கால்நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றரளவே வளரும். எமக்குப் பழைய நகம் முழுதும் கழியப் பதினான்கு மாதம் சென்றது. அரிசியளவிற் காட்டியிருந்தால் இத்தனை நாள் எதற்கு?

வாசலிலே ஒரு விளக்கு வைத்திருக்கிறோம். நாம் வைத்தியரல்லோம், எனினும் விரும்புவோர் காலைக் காட்டலாம். செயலாளர் முதலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.